வளவிலே ஒரு சிறு தடாகம்: அமைத்தலும் பேணலும்

வரம்பு கட்டி நீரைத் தேக்குதல், அதன் ஆழத்தைக் காத்தல், வேண்டாத பூண்டைக் களைதல், வேண்டிய பயிரை வளர்த்தல் ஆகிய நான்குமே நெற்செய்கையின் அடிப்படை வேலைகளாகும். அவ்வேலைகளையே ஆறடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட சிறு குழி ஒன்றிற் செய்வது தடாகம் பேணல் எனப்படும். ஆதலால், வயலில் நீர் கட்டத் தெரிந்த கமக்காரருக்குத் தடாகம் புதியதொரு பொருளன்று. வயலில் மாதக்கணக்கிற் தோன்றும் குறைகள் தடாகத்தில் ஒரு கிழமைக்குள் வெளிப்படுவதால், நீரின் இயல்பைக் கற்பதற்கு அது நல்லதொரு பள்ளியுமாகும்.

இத்தீவில் தடாகக் கலை மிகப் பழமையானது. ஐந்தாம் நூற்றாண்டில் அமைந்த சீகிரியாவின் நீர்ப் பூங்காக்களும், அநுராதபுரத்தின் குட்டம் பொக்குண என்னும் இரட்டைத் தடாகமும், பொலன்னறுவையில் தாமரை மலரின் வடிவில் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்ட தடாகமும் இதற்குச் சான்றாகும். இரட்டைத் தடாகத்திற்கு வரும் நீர், முதலில் ஒரு சிறு கற்றொட்டியிற் தங்கி, மண்ணும் மண்டியும் அடியிற் படிந்த பின்னரே தடாகத்தினுட் சென்றது. இந்த எளிய முறை இன்றும் ஒவ்வொரு வீட்டுத் தடாகத்திற்கும் ஏற்றதாகும்.

கொழும்பு நகரமும் நீரோடு கூடிப் பிறந்த நகரமே. நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் சதுப்பு நிலம் மழைவெள்ளத்தைத் தாங்கி நிற்பதாலேயே நகரம் பெரும் வெள்ளங்களிலிருந்து ஓரளவு காக்கப்படுகின்றது. 2018 ஆம் ஆண்டில் உலகில் முதன்முதலாக ராம்சார் ஈரநில நகரம் என்னும் தகுதி பெற்ற நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. வெள்ளவத்தையிற் கடலோடு கலக்கும் கால்வாய் கிருலப்பனை வழியாக உள்நாட்டுச் சதுப்பு நிலங்களோடு தொடர்புடையது. கொட்டாஞ்சேனைக்குக் கிழக்கே செல்லும் சென் செபஸ்தியன் கால்வாய் களனி கங்கையை நோக்கிச் செல்கின்றது. ஆகவே, இப்பகுதிகளில் ஒரு வீட்டு வளவிலிருந்து வழியும் நீர் அந்த வீட்டோடு நின்றுவிடுவதில்லை. இவ்வுண்மையைத் தடாகம் வைப்போர் முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பயனும் பொறுப்பும்

தடாகத்தின் முதற்பயன் மனமகிழ்ச்சியே. நீலோற்பலம் காலையில் விரிந்து பிற்பகலிற் குவியும். வெள்ளையாகவும் சிவப்பாகவும் பூக்கும் இரவு அல்லி வகை மாலையில் விரிந்து மறுநாள் முற்பகல் வரை நிற்கும். இரண்டையும் ஒருங்கே நட்டால், பகலெல்லாம் வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புவோரும் மலரைக் காணலாம். நீர் உள்ள இடத்தைத் தும்பியும் தவளையும் மீன்கொத்தியும் தாமே தேடி வரும். முதியோர் அருகே அமர்ந்து இளைப்பாறவும், பிள்ளைகள் உயிரினங்களின் வாழ்க்கையைக் கண்ணாரக் கண்டு கற்கவும் தடாகம் உதவும். அடுத்த பயன் மரக்கறித் தோட்டத்திற்குக் கிடைக்கும் சத்துள்ள நீராகும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நகர வளவுகளிலும் மரக்கறி பயிரிடுதல் ஊக்குவிக்கப்பட்டது. அக்காலத்தில் வீட்டுத் தோட்டம் தொடங்கியோருக்கு இப்பயன் பெரிதும் உவப்பானதாகும்.

ஆயினும், பேணப்படாத தடாகம் இல்லாத தடாகத்தினும் கேடானது. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகியதாகச் சந்தேகிக்கப்பட்டனர். 400 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொழும்பு மாவட்டம் அக்கொள்ளை நோயால் மிகுதியாகத் தாக்குண்ட இடங்களுள் ஒன்றாகும். 2007 ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டத்தின்படி, தம் வளவில் நுளம்பு பெருகுவதற்கு இடமளிப்பது குற்றமாகும். எனவே தடாகம் வைப்பவர் தம் வீட்டாருக்கு மட்டுமன்றி அயலாருக்கும் பொறுப்புடையவராவர்.

இடமும் மண்ணும்

நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு மணி நேரம் வெயில் படும் இடமே தடாகத்திற்கு ஏற்றது. அதற்குக் குறைந்தால் அல்லி பூக்காது. நாள் முழுவதும் வெயில் காய்ந்தால் நீர் சூடேறிப் பச்சைப்பாசி பெருகும். மா, பலா போன்ற மரங்களின் கீழ்த் தடாகம் அமைத்தல் கூடாது. உதிரும் இலைகள் நீரில் அழுகி ஒட்சிசனைக் குறைக்கும்; வேர்கள் சுவரைப் பிளக்கும். மலசலகூடக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் அருகில் அமைத்தலும் தகாது.

வெள்ளவத்தை என்னும் பெயரே மணற்றோட்டம் என்னும் பொருளுடையது என்பர். கடலோரத்து மணல் நிலத்தில் ஊற்றிய நீர் நொடியில் இறங்கிவிடும். நெல்வயலிற் சேறடிக்கும்போது களிமண் துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து நீரைத் தாங்கும் ஒரு படையை உண்டாக்குகின்றன. களியில்லாத மணலை எவ்வளவு மிதித்தாலும் அத்தகைய படை உண்டாகாது. ஆகவே அங்கு தடாகத்திற்கு உறையிடுதல் இன்றியமையாதது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டு வளவுகள் பலவற்றிற் செம்பூரான் மண் உண்டு. அது வெட்டுவதற்குக் கடினமாயினும் குழியின் கரை இடிந்து விழாது. அங்கும் கல்லின் இடுக்குகளால் நீர் கசியுமாதலின் உறை வேண்டியதே.

தடாகத்தின் அளவும் அமைப்பும்

முதன்முறையாகத் தடாகம் அமைப்போருக்கு ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழம் போதுமானது. இதன் கொள்ளளவு 48 கன அடி; அஃதாவது ஏறத்தாழ 1,360 லீற்றர். இதனிலும் ஆழங்குறைந்த நீர் பிற்பகலில் மிகச் சூடேறும். கொக்கும் இலகுவில் மீனைக் கொத்தும். ஒரு பக்கத்தில் ஒன்பது அங்குல ஆழத்திற் படி ஒன்று விட்டால், கரையோரத் தாவரங்களின் சாடிகளை அதில் வைக்கலாம். தவறி விழுந்த சிற்றுயிர்களும் அதன் வழியே ஏறித் தப்பும்.

சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு விதியைத் தளர்வின்றிக் கைக்கொள்ளல் வேண்டும். தவழும் குழந்தை சில அங்குல நீரிலும் மூழ்கி இறக்கக்கூடும். ஆதலின் தடாகத்தைச் சுற்றி ஏற முடியாத வேலியும் பூட்டத்தக்க படலையும் அமைத்தல் வேண்டும். அல்லது நீர் மட்டத்திற்குச் சற்று மேலாகக் குழந்தையின் பாரத்தைத் தாங்கவல்ல இரும்புக் கம்பி வலையைப் பொருத்துதல் வேண்டும். இவ்விரண்டும் இயலாவிடின், பிள்ளைகள் வளரும் வரை தடாகம் அமைக்கும் எண்ணத்தை ஒத்திவைத்தலே அறிவுடைமை.

உறையிடுதற்குத் தடித்த பொலித்தீன் அல்லது றபர் விரிப்பு எளிதானது. விரிப்பின் நீளத்தைக் கணிக்கும்போது தடாகத்தின் நீளத்தோடு ஆழத்தின் இருமடங்கையும், கரையில் மடித்து அழுத்துவதற்கு இரண்டடியையும் கூட்டல் வேண்டும். அகலத்திற்கும் இவ்வாறே. மேற்கூறிய தடாகத்திற்குப் பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட விரிப்புத் தேவை. விரிப்பின் கீழ்க் கூரிய கற்களை அகற்றி, இரண்டங்குல மென்மணல் பரப்புதல் நன்று.

நீடித்து நிற்க வேண்டுவோர் சீமெந்தினாற் கட்டலாம். கடல் மணலைச் சேர்த்தல் கூடாது. அதிலுள்ள உப்பு கம்பியை அரிக்கும். பூச்சை ஒரு கிழமையாயினும் ஈரமாக வைத்து இறுகச் செய்தல் வேண்டும். புதுச் சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பினால் நீர் கடுங் காரத்தன்மை அடைந்து மீனைக் கொல்லும். ஆதலின் நீர் நிரப்பி, மூன்று அல்லது நான்கு நாள் விட்டு, வெளியேற்றி, மறுபடியும் நிரப்புதலை மூன்று கிழமை வரை தொடர்தல் வேண்டும். வாழைத்தண்டுகளைத் துண்டு துண்டாக வெட்டி இந்நீரில் ஊறவிடுதல் பழைய வழக்கமாகும். இந்நீரை நான்கு நாளுக்கு மேல் விடாதிருப்பதனால் மற்றொரு நன்மையும் உண்டு. நுளம்பின் முட்டை பொரித்துப் பறக்கும் பூச்சியாவதற்கு ஏழு முதல் பத்து நாள் வேண்டுமாதலின், இடையில் நீரை வெளியேற்றும்போது குடம்பிகள் அழிந்துபோகும்.

நீர்

கொழும்பின் குழாய் நீரிற் கிருமிகளை அழிப்பதற்காகக் குளோரீன் சேர்க்கப்படுகின்றது. அது மீனின் பூக்களைத் தாக்கும். புதிதாக நிரப்பிய நீரை இரண்டு நாள் திறந்த வெயிலில் விட்டால் குளோரீன் பெரும்பாலும் நீங்கிவிடும். பின்னர் நீர் குறையும்போது, மொத்த நீரிற் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமற் சிறிது சிறிதாகச் சேர்த்தால் தீங்கில்லை.

வெள்ளவத்தைப் பகுதியிற் கடலை அடுத்த கிணறுகள் சிலவற்றில் உவர் காணப்படும். வெயில் நாளில் நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகும். மேற்கூறிய தடாகத்தில் இது ஏறத்தாழ பத்து லீற்றராகும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தடாகத்திலேயே தங்கிவிடும். உவர்க் கிணற்று நீரை நாள்தோறும் சேர்த்துக்கொண்டே போனால், வடிகாலில்லா வயல் உவர்ப்பட்டுப் போவது போலத் தடாகமும் உவர்ப்படும். அத்தகைய இடங்களில் மழைநீரே சிறந்தது. கொழும்பில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்வதால், கூரையிலிருந்து வரும் நீரைத் தடாகத்திற்குத் திருப்புதல் எளிது. முன்னோரின் இரட்டைத் தடாகத்தைப் போல, அந்நீரை முதலில் ஒரு சிறு மண்டித் தொட்டியில் விட்டுப் பின்னர் உள்ளே செலுத்துதல் வேண்டும். ஆனால் அத்தொட்டியின் அடியில் ஒரு துளை வைத்து, மழை விட்டதும் அதனை முற்றாக வடியவிடல் வேண்டும். இல்லையேல் அதுவே நுளம்பின் பிறப்பிடமாகும்.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று. மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அழுகும்போது அமோனியா உண்டாகின்றது. இது மீனுக்கு நஞ்சு. கல்லிலும் தாவர வேரிலும் படரும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறொரு வகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்றைத் தாவரங்கள் உணவாகக் கொள்ளும். யூரியா மண்ணிலடையும் மாற்றமும் இதனை ஒத்ததே. இப்பற்றீரியாக்கள் புதிய தடாகத்திற் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். அதுவரை மீன் விடாது காத்திருந்தால் நுளம்பு முந்திக்கொள்ளும். தொடக்கத்திலேயே மீன்களை மிகுதியாக விட்டால் அமோனியாவினால் அவை மடியும். இதற்கு வழி ஒன்றுண்டு. நீர் நிரப்பிய மூன்றாம் நாள் ஐந்தாறு சிறு மீன்களை மட்டும் விடுதல் வேண்டும். குடம்பிகளை உண்பதற்கு அவை போதும். அவற்றின் கழிவும் சிறிதே. ஆறு கிழமை கழிந்த பின் மற்றைய மீன்களைச் சேர்க்கலாம்.

நீரின் வெப்பம் ஏற ஏற, அதில் கரையக்கூடிய ஒட்சிசன் குறையும். 20 பாகை நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். கொழும்பின் வழக்கமான 28 பாகையில் அது 8 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. பகலில் நீர்த்தாவரங்கள் ஒட்சிசனை வெளிவிடும். இரவில் அவையும் அதனை உட்கொள்ளும். ஆதலால் விடியற்காலையிலேயே ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும். அவ்வேளையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், மீன்கள் மிகுந்துவிட்டன என்றோ, உணவு மிகுந்து அழுகுகின்றது என்றோ அறிதல் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, சில நாள் உணவை நிறுத்துதல் அதற்குப் பரிகாரமாகும்.

நடத்தக்க தாவரங்களும் தகாதனவும்

நீலோற்பலம் 1986 ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. அதன் கிழங்கை வயற்களியும் சிறிது மக்கிய எருவும் நிரப்பிய அகன்ற சாடியில் நட்டு, மேலே ஓரங்குல மணல் பரப்பி, நீரில் இறக்குதல் வேண்டும். புதிய சாணத்தை இடுதல் கூடாது. தாமரை விரைந்து பரவுமாதலின் சிறு தடாகத்தில் அதனைத் தனித் தொட்டியில் அடக்கி வளர்த்தலே நன்று. கரையோரப் படியில் வள்ளைக்கீரை, வல்லாரை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றை வளர்க்கலாம். இவை நீரிலுள்ள மிகைச் சத்தை உறிஞ்சிப் பாசியைக் கட்டுப்படுத்தும், கறிக்கும் உதவும். இலைகள் நீர்ப்பரப்பிற் பாதிக்குச் சற்று மேலாக மூடியிருத்தல் போதும். முழுவதையும் மூடினால் காற்று நீரிற் கரைவது தடைப்படும். மீன் குடம்பிகளைக் கண்டு உண்பதும் அரிதாகும்.

நீர்ப்பூண்டுகளுள் மூன்றை எக்காரணத்தாலும் தடாகத்தில் இடுதல் கூடாது. முதலாவது, ஊதா மலரும் வெங்காயம் போற் பருத்த இலைக்காம்பும் கொண்ட வெங்காயத்தாமரை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இங்கு வந்த அது நீர்நிலைகளை அடைக்கவே, 1909 ஆம் ஆண்டில் அதனைத் தடுப்பதற்குத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. இரண்டாவது சல்வீனியா. 1939 ஆம் ஆண்டிற் கல்வித் தேவைக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட இச்சிறு மிதவைப் பூண்டு வெளியே பரவி, 1950 களின் நடுப்பகுதியளவில் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட நெல்வயல்களில் இடம்பிடித்தது. வெப்பமும் சத்தும் மிகுந்த நீரில் ஒரு கிழமைக்குள்ளேயே அது இருமடங்காகும். அதனைக் கட்டுப்படுத்துவதற்காக 1986 ஆம் ஆண்டில் அதனையே தின்னும் ஒருவகைச் சிறு கூன்வண்டு கொண்டுவந்து விடப்பட்டது. கொழும்பில் ஒரு பாத்திரத்திற் தொடங்கிய பூண்டு வயலை அழித்த இவ்வரலாறு, தடாகம் வைப்போர் ஒவ்வொருவருக்கும் எச்சரிக்கையாகும்.

மூன்றாவது, மென்மயிர் படர்ந்த வெளிர்பச்சை இலைகள் தாமரைப்பூப் போல அடுக்காக விரியும் ஆகாயத்தாமரை. மன்சோனியா என்னும் நுளம்பின் குடம்பி, தன் கூரிய குழாயை இதன் வேரிற் செருகி, அங்கிருந்தே காற்றைப் பெறுகின்றது. ஆதலால் அது மூச்சுவிட மேலே வருவதில்லை. நீரை அள்ளிப் பார்த்தாலும் குடம்பி அகப்படாது. இந்நுளம்பு ஒருவகை யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது. யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து இலங்கையில் நீங்கிவிட்டதென்று 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்நிலையைக் காத்தல் ஒவ்வொருவரதும் கடமையாகும்.

களைந்த பூண்டை வடிகாலிலோ கால்வாயிலோ எறிதல் கூடாது. வெயிலில் முற்றாக உலர்த்திக் கூட்டெருவிற் சேர்த்தல் வேண்டும்.

மீன்கள்

நுளம்புக் குடம்பிகளை உண்பதற்குக் கப்பி மீன் போதும். அது முட்டையிடாது குஞ்சையே ஈனும். ஏறத்தாழ நான்கு கிழமைக்கு ஒருமுறை ஈனுவதால் விரைவிற் பெருகும். மேற்கூறிய தடாகத்தில் இருபது முப்பது கப்பிகளோடு நாலைந்து பொன்மீன்களை வைத்துக்கொள்ளலாம். குடம்பி உண்ணும் மீனுக்கு வேறு உணவு மிகுதியாக இட்டால், அது குடம்பியைத் தேடி உண்ணாது. நாளொன்றுக்கு ஒருமுறை, ஐந்து நிமிடத்துக்குள் உண்டு முடிக்கும் அளவே இடுதல் வேண்டும். சோற்றுப் பருக்கையும் பாண் துண்டும் நீரைக் கெடுக்கும். மீன்கள் பசியால் இறப்பதிலும் மிகையுணவால் கெட்ட நீரில் இறப்பதே அதிகம்.

கப்பி தென்னமெரிக்காவிற்குரியது. பெருகிய மீன்களைக் கால்வாயிலோ குளத்திலோ வயலிலோ விடுதல் பெருந்தவறாகும். கண்ணாடித் தொட்டிகளிலிருந்து வெளியேறிய கத்தி மீனும், தொட்டி துப்புரவாக்கி எனப்படும் கவச மீனும் இன்று இந்நாட்டு நீர்நிலைகளில் நாட்டு மீன்களுக்கு இடையூறாக உள்ளன. மிகுந்த மீன்களைத் தடாகம் வைத்திருக்கும் அயலாருக்குக் கொடுத்தல் நன்று.

கொக்கிலிருந்து மீனைக் காப்பதற்கு, அடியில் ஓர் உடைந்த மண்பானையையோ அகன்ற குழாய்த் துண்டையோ இட்டால் அவை அதனுள் ஒளிந்துகொள்ளும். கால்வாய்ப் பக்கத்து வளவுகளுக்குக் கபரகொய்யாவும் வருவதுண்டு. அது சட்டத்தாற் காக்கப்பட்ட உயிராதலின் அதனைத் துன்புறுத்துதல் கூடாது. ஓரடி உயரமுள்ள செங்குத்தான கரையும் கம்பி வலையும் அதனைத் தடுக்கும்.

நுளம்பைத் தடுத்தல்

டெங்கைப் பரப்பும் நுளம்பு, மீன் உலாவும் தடாகத்தினும் அதன் சுற்றுப்புறத்திலுள்ள சிறு நீரையே பெரிதும் நாடும். வெறுஞ்சாடி, அதன் கீழுள்ள தட்டு, சிரட்டை, தகரப்பேணி, பழைய ரயர், இலை அடைத்த கூரைப்பீலி, மடிந்து கிடக்கும் பொலித்தீன் விரிப்பின் ஓரம் ஆகியவையே அதன் இருப்பிடங்கள். அதன் முட்டை நீரின்றி மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தும் மழை கண்டதும் பொரிக்கும். ஆகவே பாத்திரத்து நீரைக் கொட்டிவிடுதல் மட்டும் போதாது. உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும்.

கிழமைக்கு ஒருமுறை வெள்ளைக் கிண்ணமொன்றினால் தடாகத்தின் ஓரங்களிற் பத்து இடங்களில் நீரை அள்ளிப் பார்த்தல் வேண்டும். நீர்மட்டத்தோடு கிடையாகக் கிடப்பது மலேரியா நுளம்பினத்தின் குடம்பி. தலைகீழாகத் தொங்குவன மற்றையவை. எதுவாயினும் குடம்பி காணப்பட்டால், இலை நெருங்கிய இடத்தைக் களைந்து மீனுக்கு வழிவிடுதல் வேண்டும். மண்ணெண்ணெயோ கழிவெண்ணெயோ ஊற்றுதல் கூடாது. அது மீனையும் தும்பியின் இளவுயிரையும் கொல்லும். தும்பியின் இளவுயிர் நீரிலிருந்து குடம்பிகளை உண்ணும் நல்ல நண்பனாகும்.

மலேரியா இந்நாட்டில் 1934 ஆம், 1935 ஆம் ஆண்டுகளிற் பெருங்கொள்ளை நோயாகிப் பல்லாயிரவரைப் பலிகொண்டது. 2016 ஆம் ஆண்டிலே இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. ஆயினும் கிணற்றிலும் நீர்த்தாங்கியிலும் பெருகி நகரங்களிலும் மலேரியாவைப் பரப்பவல்ல புதியவகை நுளம்பொன்று மன்னாரிற் காணப்பட்டமை 2017 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கிணறும் தடாகமும் உடையோர் விழிப்பாயிருத்தற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தடாக நீரும் மரக்கறிப் பாத்தியும்

மாதம் இருமுறை தடாக நீரில் ஐந்தில் ஒரு பங்கை, அஃதாவது ஏறத்தாழ 270 லீற்றரை, வாளியால் அள்ளிக் கத்தரி, மிளகாய், வெண்டி, வாழை ஆகியவற்றின் அடியில் ஊற்றலாம். அதில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் உண்டு. பச்சையாக உண்ணும் கீரையின் இலைமேல் இந்நீரைத் தெளித்தல் கூடாது. தடாகத்திற் பறித்த வல்லாரையை நன்றாகக் கழுவி வேகவைத்தே உண்ணல் வேண்டும். நீர் உவர்ப்பட்டிருந்தால் போஞ்சி முதலில் வாடும். இலை விளிம்பு கருகும். அவ்வாறாயின் அந்நீரைப் பயிருக்கு விடுதலை நிறுத்துதல் வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை அடியிற் படிந்த மண்டியை அகற்றுதல் வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் வடித்துக் கற்களைத் தேய்த்துக் கழுவினால், பயன் தரும் பற்றீரியாக்கள் அழிந்து தடாகம் மறுபடியும் புதுத் தடாகமாகிவிடும். மூன்றில் ஒரு பங்கு பழைய நீரையும் கல்லிற் படிந்த பாசியையும் விட்டுவைத்தல் வேண்டும். எடுத்த மண்டியைச் சருகோடு கலந்து மக்கவிட்டால் நல்ல பசளையாகும்.

இவ்வேலையைச் செய்வோர் எலிக்காய்ச்சலை மறத்தலாகாது. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் தோலிலுள்ள காயங்களின் வழியே இந்நோயை உண்டாக்கும். 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 இற்கு மேற்பட்டோருக்கு இந்நோய் ஏற்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நெல்வயலில் உழைப்போரே இதற்கு மிகுதியாக ஆளாகின்றனர். காலுறையும் கையுறையும் அணிதல், காயத்தை மூடுதல், வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் ஆகியன வேண்டும். பின்னர் காய்ச்சலும் தசைநோவும் கண்டால், சேற்றில் வேலை செய்த செய்தியை மருத்துவரிடம் தவறாது கூறுதல் வேண்டும்.

மரக்கறிப் பயிருக்குப் பீடைநாசினி தெளிக்கும் நாளில், காற்று தடாகத்தை நோக்கி வீசினால் தெளித்தலை ஒத்திவைத்தல் வேண்டும். தெளிகருவியைத் தடாகத்திலோ கிணற்றடியிலோ கழுவுதல் கூடாது. சிறுதுளி நஞ்சும் மீனை மாய்க்கும். தடாகத்து மீன் இறப்பது கண்ணுக்குத் தெரியும். வயலிலும் வாய்க்காலிலும் இவ்வாறு இறக்கும் உயிர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆண்டு முழுவதற்குமான வேலைகள்

தை, மாசி மாதங்களில் மழை குறையுமாதலின் நீர்மட்டத்தைக் கவனித்தலும் உவரைச் சோதித்தலும் வேண்டும். பங்குனி, சித்திரையில் வெப்பம் மிகும். உணவைக் குறைத்து நிழலைக் கூட்டல் வேண்டும். மண்டி அகற்றுதற்கும் அல்லிக் கிழங்கைப் பிரித்து நடுதற்கும் இம்மாதங்கள் ஏற்றவை. வைகாசி முதல் தென்மேல் பருவமழை தொடங்கும். அதற்கு முன் கூரைப்பீலியைத் துப்புரவாக்கி, மிகை நீர் வழியும் வாய்க்கு மீன் வெளியேறாதபடி நெருங்கிய வலையைக் கட்டுதல் வேண்டும். ஆனி, ஆடியில் டெங்கு பெருகுவதால் கிழமைச் சோதனையை ஒருமுறையேனும் தவறவிடலாகாது. ஐப்பசி, கார்த்திகையிற் பெருமழை பெய்யும். அதனை அடுத்தும் டெங்கு மறுபடி தலைகாட்டும். வெளியூர் செல்வோர், மீனும் நீரும் கவனிக்கப்படுவதற்கு அயலாரிடம் ஒழுங்கு செய்துவிட்டே செல்லல் வேண்டும். அவ்வாறு பேண இயலாத நிலை வருமாயின், மீன்களைப் பிறருக்குக் கொடுத்துத் தடாகத்தை மண்ணிட்டு நிரப்பிப் பாத்தியாக்குதலில் இழிவேதுமில்லை.

இவ்வேலைகளுக்கெல்லாம் கிழமைக்கு அரைமணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டார் அனைவரும் கூடி, ஒருவர் பூண்டைக் களைய, ஒருவர் கிண்ணத்தால் நீரைச் சோதிக்க, பிள்ளைகள் வளவிற் கிடக்கும் சிரட்டையையும் பேணியையும் பொறுக்க, வேலை விளையாட்டுப் போல முடிந்துவிடும். அன்று மாலை அல்லி விரியும் வேளையில், வேலை செய்தோரே அதன் அருகே அமர்ந்து மகிழ்வர். வெள்ளவத்தையின் மணலிலாயினும் கொட்டாஞ்சேனையின் செம்பூரானிலாயினும், யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ உள்ள வயலோரத்திலாயினும், நீரைத் தேக்குவோர் அதற்குக் காவலராகவும் இருத்தல் வேண்டும். அக்காவல் தவறாத வளவிலே தடாகம் வீட்டுக்கு அழகும், தோட்டத்துக்குப் பசளையும், அயலாருக்கு அச்சமின்மையும் தந்து நிற்கும்.